துபாய் குழாயும் படகு கிரீஸும்

சுண்ணாம்புக்குளத்தில் தாமோதரன் வீட்டுக் குளியலறைக் குழாயைப் பார்க்கவென்றே ஒரு காலத்தில் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட அதை ஒரு தடவை திருகிப் பார்க்காமல் திரும்பியதில்லை. ஊர் அதற்குத் துபாய் குழாய் என்று பேர் வைத்தது. உண்மையில் அது மஸ்கட்டில் ஒரு ஓட்டலிலிருந்து வந்தது. ஆனால் சுண்ணாம்புக்குளத்தாருக்குக் கடல் தாண்டினால் எல்லாம் துபாய்தான். அதைத் திருத்தப் போய் யாரும் ஜெயித்ததில்லை.

பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் நீளமாக, சுவரில் படுக்கை வசத்தில் மாட்டிய பித்தளை உருளை. இடது பக்கம் சுடுதண்ணீர் நுழையும், வலது பக்கம் பச்சைத் தண்ணீர். ஒரு முனையில் திறந்து மூடும் குமிழ், மறுமுனையில் எண்கள் போட்ட குமிழ். முப்பத்தெட்டில் வைத்தால் முப்பத்தெட்டு டிகிரிச் சூட்டில்தான் தண்ணீர் வரும். கீசரில் தண்ணீர் கொதித்தாலும் சரி, சமையலறையில் யாராவது குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை இழுத்துக்கொண்டாலும் சரி, ஷவரில் சூடு மாறாது. பச்சைத் தண்ணீர் அடியோடு நின்றுபோனால் அந்தக் குழாய் சுடுதண்ணீரையும் தானே நிறுத்திவிடும். இந்தக் கடைசிக் குணத்துக்காகத்தான் அது அந்த வீட்டுக்கு வந்தது.

தாமோதரன் பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்தவர். படகைக் கரையேற்றி அடிப்பக்கம் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு நாள், முட்டுக்கட்டை நழுவிப் படகு அவர் முதுகின் மேல் சாய்ந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே மட்டும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. கால்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் அவை ஈரத்தில் கிடக்கின்றனவா நெருப்பில் கிடக்கின்றனவா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரியும். பச்சைத் தண்ணீர் பட்டால் அவை தாமாகவே விறைத்துத் துள்ளும் என்பதால், வெதுவெதுப்பான தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

ஊர் அவரைக் கைவிடவில்லை. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பேர். படகேற முடியாத ஆளுக்குப் பாடு எதற்கு என்று கேட்க ஊரில் வாய் இல்லாமல் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். தாமோதரன் பேர் சீட்டில் அப்படியே இருந்தது. அவர் முறை வரும் நாளில் அவருடைய அண்ணன் சீனிவாசனும் இன்னும் இரண்டு பேரும் அவர் இடத்தில் வலை போட்டு, பட்டதை அவர் வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த இறாலில்தான் அகலக் கதவு வைத்த குளியலறையும், கீசரும், கூரை மேல் இரும்புக் கால் போட்டுத் தூக்கி நிறுத்திய தண்ணீர்த் தொட்டியும் வந்தன. தாமோதரன் கோபக்காரர், வாயாடி, சீட்டாட்டத்தில் அழுகுணி. ஆனாலும் அந்தத் தொட்டியை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு இளகிவிடும். அதை மறைக்க யாரையாவது திட்டுவார்.

முதலில் போட்டது சாதாரணக் குழாய்தான். ஒரு நாள் அவர் சக்கர நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, கை ஷவரை மடியில் போட்டுக்கொண்டு, தலைக்குச் சோப்புப் போட்டபடி பாடிக்கொண்டிருந்தார். சமையலறையில் அவர் மனைவி குப்பம்மா மீன் அலசக் குழாயைத் திறந்தாள். தொட்டியில் தண்ணீர் குறைவு. இருந்த பச்சைத் தண்ணீரெல்லாம் அவள் பக்கம் போய்விட்டது.

கதவிடுக்கில் ஆவி வருவதைப் பார்த்துத்தான் குப்பம்மா ஓடிவந்தாள். "யோவ், இன்னாயா இவ்ளோ பொகை?"

"இன்னா பொகை? நான் நல்லாத்தான கீறேன்" என்றார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. அதற்குள் தொடை வெந்து தோல் வழன்றிருந்தது.

அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. குழாயைத் திறந்தது தன் கைதான் என்பது குப்பம்மாவுக்கு ஆறவே இல்லை. மீன் விற்கப் போவதை விட்டு, கூடையைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அவர் குளித்து முடிக்கும்வரை கூடவே நின்று, தண்ணீரில் கையை வைத்தபடியே இருப்பாள். கதவைச் சாத்தக் கூடாது, தாழ்ப்பாள் பக்கம் கையே போகக் கூடாது என்பது அவள் சட்டம். கட்டின மனைவிதான். இருந்தாலும் தினமும் ஒருவர் பார்க்கக் குளிப்பது என்னவென்று குளித்துப் பார்த்தால்தான் தெரியும். தாமோதரன் பாடுவதை விட்டுவிட்டார்.

இந்தக் கதை டீக்கடை வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனது. அங்கே அபூபக்கர் என்று ஒருவர் இருந்தார். மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் குழாய், மோட்டார் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஓட்டலைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட குழாய்களில் நல்லதாக ஒன்றைக் கேட்டு வாங்கி, சொந்த வீட்டுக்கென்று எடுத்துவந்திருந்தார். ஒரு நாள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாத தாமோதரன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இது உங்க வூட்டுக்குப் போட வெச்சிருந்ததாமே, பாய்?" என்று கேட்டார் தாமோதரன்.

"எங்க வூட்ல எல்லாருக்கும் தோலு ஒழுங்கா வேல செய்யுது. சுட்டா கத்துவாங்க. உனக்குதான் வேணும், நீ வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு அபூபக்கர் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

மாட்டி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தார். மாதம் ஒரு முறை ஷவரை ஓடவிட்டு, பச்சைத் தண்ணீர் வரும் வழியை மட்டும் அடைக்க வேண்டும். சுடுதண்ணீரும் கூடவே நின்றுபோனால் குழாய்க்கு உயிர் இருக்கிறது. நிற்காவிட்டால் தன்னைக் கூப்பிட வேண்டும். குப்பம்மா அதை விரதம் மாதிரி கடைப்பிடித்தாள். குழாய் ஒவ்வொரு முறையும் நின்றது. மெல்ல மெல்ல அவள் குளியலறைக்கு வெளியே வந்தாள். ஆனால் கதவு திறந்தேதான் இருந்தது, அவள் அடுப்படி தாண்டிப் போகவில்லை.

இப்படி நாலைந்து வருடம் ஓடிய பிறகுதான் சுபஸ்ரீ பிரச்சினை வந்தது. சுபஸ்ரீ அவர்களுடைய ஒரே மகள், திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டியவள்தான். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, அசையக் கூடாது என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகள் வர முடியாதென்றால் தாய் போக வேண்டும். குப்பம்மா பையைக் கட்டினாள். சீனிவாசன் பக்கத்துத் தெருதான். சாப்பாடும் துணையும் தன் பொறுப்பு என்று அவர் சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை குழாயைப் பார்த்துவிடுகிறேன் என்று குளியலறைக்குள் போனாள் குப்பம்மா.

ஷவரைத் திறந்தாள். பச்சைத் தண்ணீர் வழியை அடைத்தாள். சுடுதண்ணீர் நிற்கவில்லை. ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கையை உதறிக்கொண்டு வெளியே வந்து பையைப் பிரித்தாள்.

"இன்னா பண்ற குப்பு?"

"நான் போவல."

"வாளில மொண்டு ஊத்திக்கினு குளிக்கிறேன். போம்மே."

"உன்ன எனுக்குத் தெரியாதா? ரெண்டு நாள் வாளி. மூணாம் நாள் எவன் பாக்குறான்னு இத்தத் தொறப்ப. நான் ஆஸ்பத்திரில குந்திக்கினு உன் தொடையவா நெனச்சுக்கினு இருக்கறது?"

அவள் சொன்னது சரி என்பது தாமோதரனுக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து சுபஸ்ரீ போன் செய்தாள். "நைனா, அம்மா வண்டி ஏறிடுச்சா?" என்று கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது. ஏறிடும்மா, ஏறிடும் என்று சொல்லி வைத்துவிட்டு, அவர் உடனே அபூபக்கரைக் கூப்பிட்டார்.

அபூபக்கர் மதியத்துக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தாமோதரன் தானே கழற்றுவேன் என்று அடம்பிடித்தார். தன் குழாய், தன் தொடை, நாளைக்கு இது மறுபடி மக்கர் செய்தால் தானே பார்த்துக்கொள்ள வேண்டாமா என்பது அவர் வாதம். "சரி, நீயே பண்ணு. நான் வாய மூடிக்கினு குந்திக்கிறேன்" என்ற அபூபக்கர், முதலில் இரண்டு தண்ணீரையும் அடைக்கச் சொன்னார், அப்புறம் குமிழ் திருகைக் காட்டினார், அப்புறம் உள் மரையைக் காட்டினார். ஒரு நொடியும் வாயை மூடவில்லை.

உள்ளிருந்த உறுப்பை இழுத்ததும் தாமோதரன் மூக்கைச் சுளித்தார். அந்த வாசனையை அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். படகு எஞ்சினுக்கு வைக்கும் கறுப்பு கிரீஸ். இடுக்கு விடாமல் அப்பியிருந்தது. அதற்குள்ளிருந்த ரப்பர் வளையங்கள் ஊறித் தடித்து, பிஸ்டனை அசையவிடாமல் கவ்வியிருந்தன.

"எந்தக் கழுத வேலடா இது?" என்று கத்தினார். கை ஷவர் முதல் கதவு நிலை வரை கண்ணில் பட்டதையெல்லாம் திட்டினார். அபூபக்கர் கிரீஸை விரலில் தொட்டுப் பார்த்து, "எண்ண கிரீஸு. ரப்பருக்கு இது விஷம்பா. சிலிக்கான் கிரீஸுதான் வெக்கணும்" என்றார்.

அப்போது கையில் இறால் பையோடு சீனிவாசன் உள்ளே வந்தார். கிரீஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நான்தான் வெச்சேன் தாமு! போன மாசம் குமிழு இறுக்கமா கீதுன்னு சொன்ன இல்ல? நீ தூங்கசொல்ல கழட்டி நல்லா உள்ள வரைக்கும் வெச்சேன். இப்ப லூசா திரும்புதா?"

ஏரிக்கரையில் பிறந்த யாரும் செய்வதைத்தான் அவர் செய்திருந்தார். அந்த உப்புக்காற்றில் புதுப் பூட்டு ஒரு மழைக்கு மேல் திறக்காது. அதனால் எஞ்சின் கிரீஸ் டப்பா இல்லாத வீடு கிடையாது. கேட் கீல், சைக்கிள் சங்கிலி, தையல் மிஷின், குடைக் கம்பி என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். இரும்பென்று தெரிந்தால் ஒரு விரல் கிரீஸ். அது அங்கே பராமரிப்பு மட்டுமில்லை, பாசமும்கூட.

அபூபக்கர் பொறுமையாக விளக்கினார். கேட்கக் கேட்க சீனிவாசன் முகம் சுருங்கிற்று. குப்பம்மா வாசற்படியில் பிரித்துப்போட்ட பையைப் பார்த்தார், தம்பியின் கால்களைப் பார்த்தார். தாமோதரன் வாயில் திட்டு முழுசாகத் தயாராக இருந்தது. அடிபட்டு வந்த முதல் வருடம், குளியலறை கட்டுவதற்கு முன்பு, தினமும் விடிகாலை ஏரிக்குப் போகுமுன் வந்து தன்னை முதுகில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனது இந்த ஆள்தான். ஒரு நாளும் அவசரப்படுத்தியதில்லை, ஒரு நாளும் மூக்கைப் பொத்தியதில்லை. திட்டை அவர் அப்படியே விழுங்கினார்.

"போவுது உடுணா. குமிழு லூசாத்தான் திரும்புது" என்றார்.

அதைக் கேட்டு சீனிவாசன் இன்னும் குறுகிப்போனார்.

வேலை தொடர்ந்தது. அந்த உறுப்பின் நடுவில் விரல் நுனி அளவில் ஒரு செப்புக் குப்பி. அதற்குள் மெழுகு. சூடு பட்டால் மெழுகு உப்பி ஊசியைத் தள்ளும், சுடுதண்ணீர் வழி அடைபடும். குளிர்ந்தால் சுருங்கும், வழி திறக்கும். கரண்டும் கிடையாது, மந்திரமும் கிடையாது. ஆனால் அந்தக் குப்பி செத்திருந்தால் மாற்றுக்கு மஸ்கட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் அபூபக்கர். குப்பம்மா ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்தாள். குப்பியைப் போட்டுவிட்டு நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஊசி மெல்ல வெளியே நீண்டது. பச்சைத் தண்ணீரில் போட்டதும் உள்ளே போனது. குப்பம்மா டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தண்ணீர் நுழையும் வாயில் உப்புப் படிந்து வெள்ளையாக இறுகியிருந்த சல்லடைகளையும் மற்ற உறுப்புகளையும் எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டார்கள். குமிழ் முதலில் இறுகியது அந்தப் படிவால்தான். தடித்த வளையங்களை எடுக்க அபூபக்கர் இரும்பு ஊசி கூடாது, பள்ளத்தில் கீறல் விழுந்தால் ஒழுகும் என்றார். தாமோதரன் தன்னுடைய பிளாஸ்டிக் வலை ஊசியைக் கேட்டு வாங்கி, அதன் முனையைக் கொடுத்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். வலை பின்னிய விரல்களுக்கு அது பெரிய வேலையில்லை. அபூபக்கரின் டப்பாவில் எல்லா வளையத்துக்கும் மாற்று இருந்தது, பிஸ்டனின் பெரிய வளையம் ஒன்றுக்கு மட்டும் இல்லை. அதுதான் முக்கியமான வளையம்.

"பட்டணத்துல, பாரிமுனைல கெடைக்கும். நாளன்னிக்கு எனுக்கு அந்தப் பக்கம் ஒரு வேல கீது" என்றார் அபூபக்கர். நாளன்னிக்கு என்றதும் குப்பம்மா போனை எடுத்து மகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கீழே வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சீனிவாசனைக் காணோம் என்று தெரிந்தது. துடைத்து வைத்திருந்த பிஸ்டனையும் காணோம். இறால் பை மட்டும் வாசலில் இருந்தது. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறிவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். பட்டணத்துக்குப் போவதென்றால் இரண்டு நாள் முன்பே புலம்ப ஆரம்பிக்கும் மனிதர், கட்டியிருந்த லுங்கியோடு போயிருந்தார்.

மறுநாள் காலையில் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அறை அறையாக, கடுகளவிலிருந்து வளையல் அளவு வரை ரப்பர் வளையங்கள்.

"ஒண்ணுதானணா வேணும்?" என்றார் தாமோதரன்.

"கடக்காரன் பிஸ்டன்ல போட்டுப் பாத்து ஒண்ண எடுத்துக் குடுத்தான். எனுக்கு மனசு ஒப்பல. பொட்டியோட குடுன்னேன்."

கடைக்காரன் கொடுத்த அந்த ஒன்றே கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த முறை, மறுபடி வந்திருந்த அபூபக்கரின் சின்ன ட்யூபிலிருந்து சிலிக்கான் கிரீஸ், அதுவும் தடவினோமா இல்லையா என்கிற அளவுக்கு. உறுப்புகளை ஏற்றி, மரையை இறுக்கி, தண்ணீரைத் திறந்தார்கள். குப்பம்மா வீட்டிலிருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை ஷவருக்கு நேரே பிடிக்க, தாமோதரன் மயிரிழையாகத் திருகிக்கொண்டே வந்தார். முப்பத்தெட்டு வந்ததும் குமிழைக் கழற்றி, அதன் முப்பத்தெட்டு மேலே வரும்படி மாட்டினார். பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் முக்கியம்: பச்சைத் தண்ணீரை அடைத்தால் சுடுதண்ணீரும் நிற்க வேண்டும்.

அபூபக்கர் பச்சைத் தண்ணீர் வழியை அடைக்கக் கை நீட்டினார். "இரு பாய்" என்றார் சீனிவாசன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தம்பியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கை ஷவரை எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னாணா இது? வெளில புடிச்சுப் பாத்தா போதாதா?"

"போதாது. என் காலுக்கு சூடு தெரியும். அது சொல்லட்டும். நீ மூடு பாய்."

அபூபக்கர் குப்பம்மாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் அடைத்தார். சீனிவாசன் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் மெலிந்தது. நூலாயிற்று. சொட்டியது. நின்றது. ஈரமான தொடையோடு சீனிவாசன் கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு வாட்டி" என்றார்.

இன்னொரு வாட்டியும் நின்றது. மூன்றாவது வாட்டி கேட்டபோது தாமோதரனுக்குக் குரல் உடைந்துவிட்டது. "போதும்ணா, எந்திரி. உன் லுங்கில அவுந்த முடிச்ச முதல்ல பாரு" என்று சொல்லித்தான் சமாளித்தார். குப்பம்மா அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையைக் கட்டினாள். அபூபக்கர் தன் வண்டியிலேயே அவளை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வண்டி கிளம்பும்வரை அவள் தாமோதரனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: மாத்திரை, மெத்தை விரிப்பு, முப்பத்தெட்டுக்கு மேல் திருகாதே. அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றார். அபூபக்கர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அடுத்த மாசம் நீயே டெஸ்ட் பண்ணிட்டு போன் பண்ணு, அது போதும்" என்று அபூபக்கர் வண்டியை உதைத்தார்.

அடுத்த நாள் காலை சீனிவாசன் வந்து குளியலறை வரைக்கும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இங்கதான் கீறேன். நீ பாட்டுக்குக் குளி."

தாமோதரன் உள்ளே போய்த் திரும்பிக் கதவைப் பார்த்தார். அதன் நடுவில், உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் இருந்தது. கதவு போட்டபோது ஆசாரி வைத்தது. வைத்த நாளிலிருந்து அவர் அதைப் போட்டதே இல்லை. கதவைச் சாத்தினார். துருவேறி இறுகியிருக்கும், எதைக் கொண்டாவது தட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தபடி தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தார். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது.

விரலைப் பார்த்தார். கறுப்பாக, எஞ்சின் வாசனையோடு கிரீஸ். காய்ந்த பழைய கிரீஸ் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு கை, ஒவ்வொரு வருடமும் ஒரு கை என்று யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல் வைத்துக்கொண்டே வந்த கிரீஸ். தம்பி என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கதவை உள்ளே இருந்து சாத்திக்கொள்வான் என்று, தாமோதரனே நம்பாத காலத்திலும் ஒருவர் நம்பியிருக்கிறார்.

அவர் நாற்காலி மாறி உட்கார்ந்து தண்ணீரைத் திறந்தார். வெதுவெதுப்பு தோளில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே எப்போதும்போல ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. கிரீஸ் விரலை மட்டும் தண்ணீரில் படாமல் கொஞ்ச நேரம் தள்ளியே வைத்திருந்தார். அழுகை வந்தது, அழுதார். பிறகு தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

வெளியே போன் அடித்தது. சீனிவாசன் எடுத்தார். குப்பம்மாவின் குரல் கதவைத் தாண்டியே கேட்டது. "மாமா, குளிச்சிட்டாரா?"

"குளிச்சிக்கினு கீறாம்மா. பாட்டுகூட பாடுறான், கேக்குதா?"

"கதவு?"

சீனிவாசன் எழுந்து வந்து கதவை மெல்லத் தள்ளிப் பார்ப்பது தெரிந்தது. கதவு அசையவில்லை.

"தாப்பா போட்டுக்கினான்மா."

"போட்டுக்கட்டும் மாமா" என்றாள் குப்பம்மா. "நீங்க தட்டாதீங்க. நெதானமா குளிச்சுட்டு வரட்டும்."